பாபா வழியும் மாமா வழியும்: சிவனொளிபாத மலைப் பாதைகளின் வரலாற்றிலே ஓர் ஆராய்ச்சி

லிந்துலைப் பகுதியிலிருந்து மாசி, பங்குனி மாதங்களிலே சிவனொளிபாத யாத்திரை செய்வோர் தலவாக்கலை, ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா ஆகிய ஊர்களைக் கடந்து நல்லதண்ணியை அடைவர். நள்ளிரவில் மலையேறத் தொடங்கி, வைகறையில் உச்சியிலே ஞாயிற்றின் எழுச்சியைக் கண்டு, அன்று மாலையே வீடு திரும்புவர். இவ்வாறு செல்வோரிடம் இம்மலைக்கு வேறு வழி உண்டோ என வினவினால், பெரும்பாலார் இல்லை என்றே விடை கூறுவர். இரத்தினபுரிப் பக்கமாகவும் ஒரு வழி உண்டு எனக் கேள்வியுற்றோர் சிலர்; அதிலே நடந்தோர் மிகச் சிலர். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. வில்லியம் ஸ்கீன் என்பார் 1870இல் இம்மலையைப் பற்றி ஒரு விரிவான நூல் வெளியிட்டார். கொழும்பிலிருந்து திருவடிக்குச் செல்லும் யாத்திரிகர் பாதை என அவர் விரித்துரைத்தது இரத்தினபுரி வழியையே. இன்று இலட்சக்கணக்கானோர் செல்லும் ஹற்றன் வழி பெருவழியானதும், அன்றைய பெருவழி அமைதியான காட்டுப் பாதையானதும் எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வினா பாதைகளைப் பற்றியது போலத் தோன்றினும், மலையகத் தமிழ் மக்களுக்கும் இம்மலைக்கும் உள்ள தொடர்பு எத்துணைப் பழைமையானது என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

மலையின் உயரம் 2,243 மீற்றர். அஃதாவது 7,359 அடி. பீதுருதாலகாலை, கிரிகல்பொத்தை முதலியன இதனினும் உயர்ந்தவை. எனினும் அவை பிற மலைகளோடு தோள் சேர்ந்து நிற்பன. இதுவோ கூம்பிய வடிவோடு தனித்து எழுந்து கடலிற் செல்வோர்க்கும் புலப்படுவது. உச்சியிலுள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தர்பிரானுடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். இஸ்லாமியர் ஆதி மனிதராகிய ஆதமுடையது என்பர். கிறித்தவருட் சிலர் அப்போஸ்தலர் தோமாவுடையது என்றும் கூறினர். தமிழிலக்கியத்தை நோக்குமிடத்து, மணிமேகலையே இரத்தினத் தீவத்துச் சமந்தம் என்னும் மலையுச்சியிலுள்ள திருவடியைப் பௌத்த மரபின்படி குறிப்பிடுகின்றது. சமனொளி என்னும் பெயரே பிற்காலத்திற் சிவனொளி எனத் திரிந்தது என்பாரும் உளர். கலாநிதி பரணவிதான 1958இல் வெளியிட்ட நூலொன்றில் இம்மலைத் தெய்வமாகிய சமன் யாரென ஆராய்ந்து யமனோடு தொடர்புபடுத்தியுள்ளார். அவ்வாராய்ச்சியுள் ஈண்டு நாம் புகவேண்டுவதில்லை. அடி யாருடையது என்பதினும் அதனை நாடி நடந்த அடிகள் யாருடையவை என்பதே நமக்கு வேண்டுவது.

பாதைகளைப் பற்றிய மிகத் தெளிவான பழைய சான்று, 1344இல் இங்கு வந்த மொரொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுனு பதூதா கூறுவதாகும். மாலைத்தீவிலிருந்து வந்த அவர் கப்பல் புத்தளக் கரையை அடைந்தது. அங்கே அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அவன் மார்த்தாண்ட சிங்கையாரியன் எனக் கொள்வர் வரலாற்றாசிரியர். அவன் பாரசீக மொழியை அறிந்திருந்தான் என்றும், முத்துக்களைக் காட்டி உரையாடினான் என்றும் பதூதா எழுதுகின்றார். வேண்டுவது யாது என மன்னன் வினவ, ஆதமின் திருவடியைத் தரிசித்தலன்றி வேறு விருப்பமில்லை என்றார் அவர். அஃது எளிது என்று கூறிய மன்னன் ஒரு பல்லக்கையும், அதனைச் சுமப்போரையும், ஆண்டுதோறும் அத்திருவடிக்கு யாத்திரை செய்யும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தார் பதின்மரையும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான்.

இவ்விடத்தில் மாணவர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். ஆண்டுதோறும் செல்லும் யோகியர் நால்வர் என்பது தற்செயலாக விழுந்த சொல்லன்று. வழி காட்டுதற்கு அவரைத் தெரிந்து அனுப்பினான் எனின், அவ்வழி அவர்க்குக் கைவந்த வழியாக இருத்தல் வேண்டும். தமிழரசனொருவனின் அவைக்கும் மலைக்கும் இடையே இந்து யாத்திரிகரின் போக்குவரவு அந்நாளிலேயே ஆண்டு வழக்கமாய் நிலைபெற்றிருந்தது என்பதும் பெறப்படும். இம்மலையைச் சைவர் நாடியது தோட்டங்கள் தோன்றிய பின்னரே என்று கூறுவார்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை. அதனைச் சொன்னவர் சைவருமல்லர், தமிழருமல்லர் என்பது சான்றின் வலிமையை மிகுவிக்கின்றது.

மலைக்குச் செல்லும் வழி இரண்டு என்கின்றார் பதூதா. ஒன்று பாபா வழி. மற்றது மாமா வழி. பாபா என்றது ஆதமை. மாமா என்றது ஏவாளை. மாமா வழி எளியது. யாத்திரிகர் திரும்பும்போது இறங்குவது அதன்வழியே. அதன்வழி ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எவரும் மதிப்பதில்லையாம். பாபா வழி கடியது, செங்குத்தானது. முன்னோர் பாறையிலே படிபோல வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, பற்றி ஏறுதற்குச் சங்கிலிகளைப் பூட்டியிருந்தனர். சங்கிலிகள் பத்து. பத்தாவதை அடைந்து கீழே நோக்குவார்க்குத் தலை சுழலுமாதலின், வீழ்ந்துவிடுவோமென அஞ்சித் தத்தம் நம்பிக்கையை வாய்விட்டு உரைப்பராம். அதனால் அதற்கு விசுவாச மொழிச் சங்கிலி எனப் பெயர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட மார்க்கோ போலோவும் இம்மலையின் இரும்புச் சங்கிலிகளைக் குறிப்பிட்டுள்ளார்.

சங்கிலிகளைக் கடந்தபின் ஒரு வெளி. அங்கே கிள்று என்னும் மகானின் பெயரால் ஒரு குகை. அருகே மீன் நிறைந்த சுனை. அம்மீன்களை ஒருவரும் பிடிப்பதில்லை. யாத்திரிகர் தம் மூட்டைகளை அக்குகையிலே வைத்துவிட்டு உச்சிக்குச் செல்வர். மூன்று நாள் அங்கே தங்கிக் காலையும் மாலையும் திருவடியைத் தரிசித்தல் மரபு. தாமும் அவ்வாறே செய்ததாகப் பதூதா எழுதுகின்றார். பெருமலை ஏறுவோர் இக்காலத்தில் அடிவார முகாம் என்று வழங்குவது யாதோ, அதுவே அக்குகை. இன்று நாம் ஓரிரவில் ஏறி இறங்குகின்றோம். அன்று அவர்கள் உச்சிக்கருகே மூன்று நாள் வாழ்ந்தனர். இரு யாத்திரைகளுக்குமுள்ள வேறுபாட்டில், பாதையின் செங்குத்தினும் இத்தங்குதலே பெரிதென்பது என் கருத்து.

பாபா வழி என்றது இரத்தினபுரிப் பக்கத்து வழியையே எனக் கொள்வோர் பலர். சங்கிலி பற்றி ஏறும் இடம் அப்பக்கத்ததாகலின் அக்கருத்துப் பொருத்தமுடையதே. மாமா வழி வடக்கே மஸ்கெலியாப் பக்கமாக இறங்கியது எனவும் கூறுப. இதனை முற்ற நிறுவுதற்குப் பதூதா கூறும் ஊர்ப்பெயர்கள் போதா. அவர் குறிப்பிடும் குனக்கார் என்னும் நகர் குருநாகலோ இரத்தினபுரியோ என்பதிலேயே அறிஞரிடையே ஒற்றுமை இல்லை.

வடக்கு வழியின் பழைமைக்கோ வேறு சான்றுகள் உள. 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விசயபாகு, திருவடியை வணங்கச் செல்வோர் வழியிற்படும் இடர்களைக் கண்டு, அவர்க்கு உணவளித்தற்பொருட்டுக் கிலிமலை என்னும் ஊரை மானியமாக விட்டதோடு, கதலிகாமத்து வழியிலும் ஊவா வழியிலும் அவ்வாறே ஊர்களை அளித்தான் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி கூறுகின்றது. இரண்டு வழியல்ல, மூன்று வழி இருந்தமை இதனாற் புலனாகும். அம்மன்னனின் கல்வெட்டு அம்பகமுவையிலே உளது. நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் பெருந்தெருவை அண்மிய ஊர் அது. கல்வெட்டிலே ஒரு செய்தி: அடிச்சுவட்டைச் சூழ்ந்த மேற்றளத்துக்குக் கீழே, குலத்தால் தாழ்ந்தோர் என அக்காலத்தவர் கருதிய மக்கள் நின்று வணங்குதற்கு வேறொரு தளம் அமைக்கப்பட்டது. அரசன் அவர்களையும் நினைந்தான் எனப் போற்றுவதா, உச்சியிலும் அவர்களைக் கீழே நிறுத்தினான் என வருந்துவதா? இரண்டும் உண்மையே. இக்காலத்து யாத்திரிகர் நெரிசலிலே அத்தகைய பிரிவு ஏதும் இல்லாமை கண்கூடு.

13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனாகிய தேவபதிராசன் என்பான் கம்பளையிலிருந்து இம்மலைக்குச் செல்லும் வழியைத் திருத்தினான். உலப்பனை, அம்பகமுவை முதலிய இடங்களிலே ஆறுகளுக்குப் பாலம் அமைத்தான், தங்குமடங்களைக் கட்டினான். கம்பளை, உலப்பனை, அம்பகமுவை என்னும் வரிசையை நோக்குக. கண்டியிலிருந்து ஹற்றனுக்குப் புகையிரதத்திற் செல்வோர் இன்றும் ஏறக்குறைய இதே திசையிற் செல்கின்றனர். பழைய வழியும் இன்றைய வழியும் அடிக்கடி ஒன்றே எனல் மிகையாகும். ஆயின் திசை ஒன்றே. எனவே வடக்கு வழி ஆங்கிலேயர் காலத்திற் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இடையே காடு மூடி, மீளத் திறக்கப்பட்டது.

சீதாவாக்கையில் 1581 முதல் 1593 வரை ஆண்ட முதலாம் இராசசிங்கன் சைவத்தைத் தழுவி, மலையின் வருவாயையும் காவலையும் ஆண்டிகளிடம் ஒப்புவித்தான் என்று பௌத்த நூல்கள் முறையிடுகின்றன. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1747இல் அரசுகட்டிலேறிய கீர்த்தி சிறீ இராசசிங்கன் அதனை மீட்டுப் பௌத்த சங்கத்தார்க்கு அளித்தான். இவனோ மதுரை நாயக்கர் வழிவந்தவன். சிங்கள மன்னன் சைவர்க்குக் கொடுத்ததும், தென்னாட்டு மரபினன் பௌத்தர்க்கு மீட்டளித்ததும் இனத்தைக் கொண்டு மட்டும் வரலாற்றை அளப்பார் கருதத்தக்கன.

அவ்வாண்டிகள் எங்கிருந்து வந்தனர், எங்ஙனம் வாழ்ந்தனர் என்பவற்றை அவர்கள் எழுதிவைக்கவில்லை. அவர்தம் நினைவாக எஞ்சியிருப்பது ஓர் இடப்பெயரே. இரத்தினபுரி வழியிலே உச்சியை நெருங்குமிடத்தில் உள்ள ஒரு தட்டைநிலத்துக்கு ஆண்டியாமலதென்ன என்று சிங்கள மக்கள் பெயர் வழங்குகின்றனர். ஆண்டி இறந்த தட்டைநிலம் என்பது பொருள். பெயரறியாத அவ்வாண்டியை மறவாது வைத்திருப்பது சிங்களப் பேச்சுவழக்கே.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே மல்கம் என்னும் படையதிகாரி மலையேறினார். மலையேறிய முதல் ஐரோப்பியர் அவரே என்பர். 1817இல் வைத்தியர் ஜோன் டேவி ஏறினார். இரத்தினபுரியிலிருந்தே அவர்கள் புறப்பட்டனர். அக்காலத்து மஸ்கெலியாப் பள்ளத்தாக்கு யானைகள் உலாவிய பெருங்காடு. 1860களை அடுத்துக் கோப்பித் தோட்டங்கள் டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளுக்குப் பரவின. 1869இற் காணப்பட்ட இலைநோயாற் கோப்பி அழிய, தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர், கங்காணியின் கீழ்ப் பிரட்டுக்கு நின்று, காட்டை வெட்டிச் சுட்டு, கான் வெட்டி, தோட்டத்துக்குத் தோட்டம் பாதை சமைத்தனர். புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதன்பின் கொழும்பில் ஏறியவர் ஹற்றனில் இறங்கித் தோட்டப் பாதைகளின் வழியே மலையடிக்குச் செல்வது கூடுவதாயிற்று. பத்தோடு பதினொன்றாய் இருந்த வடக்கு வழியைப் பெருவழியாக்கியவை அரசாணையுமல்ல, மானியமுமல்ல. தேயிலைப் பெட்டியைப் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுசெல்லும்பொருட்டு வெட்டிய தெருக்களே. யாத்திரிகர்க்கெனப் பாலமமைத்த தேவபதிராசனை நூல் போற்றியது. இத்தெருக்களை வெட்டினோரைப் போற்றிய நூல் எதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இலேயே. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளிலும் நாட்டவர் யாவரும் அவர்கள் சமைத்த தெருவழியே திருவடிக்குச் சென்றனர்.

பழைய வழியை நேரிற் காணவேண்டுமென்னும் விருப்பத்தாற் சில ஆண்டுகளுக்கு முன் உடனாசிரியர் நால்வரோடு இரத்தினபுரிப் பக்கமாக யானும் சென்றேன். கிலிமலையைக் கடந்து பலாபத்தலையில் நடை தொடங்குகின்றது. நல்லதண்ணியிலிருந்து ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றரே. பலாபத்தலையோ தாழ்நிலத்தை ஒட்டியதாதலின் ஏற்றம் ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கும் மேலாகும். பாதை பெரும்பாலும் அடர்காட்டினூடே செல்கின்றது. பல மணிநேரம் நடந்தும் உச்சி கண்ணுக்குத் தோன்றுவதில்லை. பறவையொலியும் ஓடையொலியுமன்றி வேறொன்றும் கேட்பதில்லை. கீழே கல்லிட்ட படிகள் கால்பட்டுத் தேய்ந்து பள்ளமாகியுள்ளன; அவற்றின்மேற் பாசி. மழை பெய்தபின் அட்டைக்கடி பொறுத்தற்கரிது. பதூதாவும் இவ்வட்டையைப் பற்றி எழுதி, இந்நாட்டார் எலுமிச்சம்பழத்தை உடன்கொண்டு சென்று, பற்றிய அட்டையின்மேற் பிழிந்து விழச்செய்வர் என்று கூறியுள்ளார். எம்முள் ஒருவர் கொண்டுவந்த தேசிக்காய் அவர் கூற்றை மெய்ப்பித்தது. எதிரே இறங்கிவந்த முதிய சிங்கள மாதர், கருணாவ என்று வாழ்த்திச் சென்றனர். யாத்திரைக் கூட்டத்துக்கு அவர்கள் நடய எனவும், அதன் தலைவனுக்கு நடே குரா எனவும் வழங்கும் பெயர்களைக் கேட்டவுடன் தமிழ் நடை என்னும் சொல் நினைவுக்கு வந்தது. தொடர்பு உண்டோ என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் ஆய்க.

ஹெரமிட்டிப்பானை என்னும் இடத்து அம்பலத்திலே இரவு தங்கினோம். உச்சிக்குக் கீழே, கடைசி ஏற்றத்துக்கு முன், யாத்திரிகர் இளைப்பாறும் இடம் அது. குளிரிலே உறக்கம் வாராமையால் ஊர்க்கதை, பாடசாலைக்கதை என யாவும் பேசித்தீர்ந்தபின், பதூதாவின் யோகியர் நால்வரைப் பற்றிய பேச்சு எழுந்தது. இவ்வழி ஏறாதார் யாத்திரை செய்தவராகார் என்று அவர்தம் கூட்டத்தார் கூறியது முறையோ என்பது விவாதம். ஏற்றத்தின் கடுமையை அறிந்தபின் முறையே என்றனர் இருவர். எனக்கு அது உடன்பாடன்று. அவ்விதியை நமக்கு அறிவிப்பவர் மலைநாடு வரையும் பல்லக்கிலே வந்தவர். அவர்தம் உணவைச் சுமந்தோர் பதினைவர். தேயிலை மலையிற் பகல் முழுதும் கூடை சுமந்து கொழுந்தெடுத்த ஒரு தாய், மாலையிற் பஸ் ஏறி, கைக்குழந்தையோடு நல்லதண்ணியிலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி, மறுநாட் பேர் செக்றோலில் விழாமற் போவதையும் பொறுத்துக்கொண்டு திரும்புகின்றாள். அவளுக்கு மாமா வழி எளியது என்று கூறத் துணிவார் யார்? மூன்று நாட் குகையிலே தங்குதற்கு அவளுக்கு விடுமுறை அளிப்பார்தாம் யார்? பழைய வழியின் அமைதி பெறற்கரியது. அதனைப் பெறுதற்கு ஓய்வு என்னும் செல்வம் வேண்டும்.

எனினும் நம் மாணவர் ஒருமுறையேனும் அவ்வழி செல்லல் நன்று. டிசெம்பர்ப் பௌர்ணமி தொடங்கி வெசாக்கில் முடியும் யாத்திரைக் காலத்தின் முற்பகுதியே அதற்குத் தக்கது. பின்னர்த் தென்மேல் பருவமழையால் ஓடைகள் பெருகும். 1940 தொடக்கம் இக்காடு வனவிலங்குச் சரணாலயமாகக் காக்கப்பட்டு வருதலின், பொலித்தீன் உறைகளைக் காட்டிலே எறியாமற் செல்லல் யாவர்க்கும் கடன். மஸ்கெலியாப் பக்கத்திலே இக்குப்பையின் பெருக்கம் கண்டார் இதனை மிகையென்னார்.

இனி, நல்லதண்ணி என்னும் பெயரைச் சிறிது நோக்குவோம். இது தூய தமிழ்ப்பெயர். குடித்தற்கினிய நீர் என்பதன்றி வேறு பொருள் கூறவேண்டுவதில்லை. சிங்கள மக்கள் இதனை நல்லதண்ணிய எனத் தம் மொழியின் ஈறு கொடுத்து வழங்குகின்றனர். மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள ஓர் ஊர் சாமிமலை எனப் பெயர் பெற்றுள்ளது. இவை பட்டயத்திலோ கல்வெட்டிலோ எழுதப்பட்டவை அல்ல. தெற்கு வழியில் ஒரு தமிழ் ஆண்டியின் சாவைச் சிங்களப் பெயர் காத்துவைத்திருப்பது போல, வடக்கு வழியிலே தமிழ்த் தொழிலாளர் இட்ட பெயரைச் சிங்கள யாத்திரிகரும் ஏற்று வழங்குகின்றனர். ஊர்ப்பெயர்களைத் திரட்டும் பணியில் நம் கல்லூரி வரலாற்று மாணவர் ஈடுபடுவாராயின், மலைச்சரிவு ஒவ்வொன்றினும் இத்தகைய பெயர்கள் கிடைத்தல் கூடும். தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள் பதிவேட்டில் உள. அவற்றுக்குத் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர்களோ முதியோர் நாவிலேயே உள.

பழைய மஸ்கெலியா நகரத்தை இன்று காண்டல் இயலாது. மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது, 1969இல் அது நீருள் மூழ்கியது. மக்கள் மேட்டிலே புதுநகர் அமைத்துக் குடியேறினர். யாத்திரிகர் முன்னாளில் தங்கிச் சென்ற கடைத்தெருவும் உடன் மூழ்கிற்று. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது சண்முகநாதர் கோயிலின் கற்சுவர்களும், விகாரையின் எச்சமும், பள்ளிவாசலின் எச்சமும் சேற்றினிடையே வெளிப்படுகின்றன. அந்நாட்களில் அயற்றோட்டத்து மக்கள் இறங்கிச் சென்று கோயிலிலே கற்பூரம் கொளுத்திவிட்டு, மழை தொடங்குமுன் கரையேறுகின்றனர்.